பாட்டில் அக்காவின் காலைச் சுற்று

பாட்டில் அக்கா என்ற பெயரைப் புதிதாகக் கேட்பவர்கள் முதலில் தப்பாகத்தான் நினைத்துக்கொள்வார்கள். அதற்கு அவளுடைய கணவரும் ஒரு காரணம். அவர் தெருமுனையில் சலூன் வைத்திருந்தார். மனைவிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் கத்தரியை நிறுத்தாமலே, "தண்ணி டிபார்ட்மெண்ட்" என்று சொல்லிவிடுவார். பாட்டிலையும் தண்ணியையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஒரு வாடிக்கையாளர் கண்ணாடியில் இவர் முகத்தைப் பார்த்தபடியே குரலைத் தாழ்த்தி, "எந்தக் கடைங்க? நம்ம ஆளுன்னு சொன்னா க்யூவுல நிக்காம வாங்கிக்கலாமா?" என்றே கேட்டுவிட்டார்.

உண்மையில் அவள் செய்தது மாநகராட்சி சுகாதாரப் பிரிவில் ஒரு வேலை. காலையில் ஊர் எழுந்து பல் தேய்க்கும் நேரத்தில் ஒரு மஞ்சள் வேனை ஓட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போவாள். சில இடங்களில் நிறுத்தி, கொக்கி போட்டுப் பாதாளச் சாக்கடையின் மூடியைத் தூக்குவாள். நீளக் கம்பின் முனையில் கட்டிய எவர்சில்வர் கிண்ணத்தை உள்ளே விட்டுக் கொஞ்சம் மொண்டு, பாட்டிலில் ஊற்றி, மூடி, சீட்டு ஒட்டி, ஐஸ் பெட்டிக்குள் வைப்பாள். அப்புறம் அடுத்த தெரு.

அதற்கு முன்னால் அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். பெருங்காய்ச்சல் முதல் தடவை ஊருக்குள் வந்தபோது பள்ளிகளை மூடிவிட்டார்கள். வேன் ஒரு மரத்தடியில் நின்று, டயரில் காற்று இறங்கி, மேலே பறவை எச்சம் விழுந்து, கடைசியில் யாரிடமோ போய்ச் சேர்ந்தது. போனது அது மட்டுமில்லை. அவளுடைய மாமியாரும் அந்தக் காய்ச்சலில்தான் போனார். அவர்கள் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் நோய் நுழைந்துவிட்டது என்று தெரிவதற்குள் ஒவ்வொரு மாடியிலும் இருமல் கேட்டது. மாமியாரை ஆம்புலன்ஸில் ஏற்றியபோது, "அடுப்புல பால் இருக்கு, பாத்துக்கோ" என்றார். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

வீட்டில் மிஞ்சியது மூன்று பேர்: அவள், சலூன்காரர், மாமனார். மாமனார் ஒரு பெரிய வணிக வளாகத்தில் லிஃப்ட் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் கொஞ்சம் பலவீனம். ஆனால் வாய்க்கு ஓய்வே கிடையாது. கதவைத் தட்டினால் இன்றைக்கும், "எந்த மாடி?" என்றுதான் கேட்பார்.

வேன் போன பிறகு டிரைவர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவள் சுகாதாரப் பிரிவு லேப்புக்குப் போனாள். அங்கே தடிமனான கண்ணாடி போட்ட இளம்பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். லேப்புக்குப் பொறுப்பே அவள்தான்.

"வண்டி ஓட்டறது மட்டும்தானே மேடம்?"

"ஓட்டணும், நிறுத்தணும், மூடியத் தூக்கணும், கொஞ்சம் மொண்டு எடுக்கணும்."

"எதை மேடம்?"

"அதைத்தான் அக்கா."

அவள் எழுந்துவிட்டாள். லேப் மேடம் தடுக்கவில்லை. "ஒரு நிமிஷம் கேட்டுட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள். "ஒருத்தருக்குக் காய்ச்சல் தெரியறதுக்கு முன்னாடியே கிருமி அவங்க வயித்து வழியா வெளிய வர ஆரம்பிச்சுடும். ஆஸ்பத்திரிக்கு யாரும் போகாம இருக்கலாம். டெஸ்ட்டுக்கு வராம இருக்கலாம். பாத்ரூமுக்குப் போகாம யாரால இருக்க முடியும் சொல்லுங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

"அன்னிக்கே இது இருந்திருந்தா முன்கூட்டியே தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கலாம். உறுதியா சொல்ல மாட்டேன்."

உறுதியாகச் சொல்லியிருந்தால் ஒருவேளை அவள் நம்பியிருக்க மாட்டாள். அந்த 'லாம்'தான் அவளைத் திரும்ப உட்கார வைத்தது.

முதல் நாட்களைப் பற்றி அவள் அதிகம் பேச மாட்டாள். சாப்பாடு இறங்கவில்லை. கையுறை, பூட்ஸ், முகக்கவசம் எல்லாம் போட்டிருந்தும் நாற்றம் தலைமுடியில் வந்து உட்கார்ந்துகொண்டதுபோல ஒரு பிரமை. வேலை முடிந்து லேப்பிலேயே குளித்துவிட்டு வந்தாலும் சலூன்காரர் கதவைத் திறந்ததும் மூக்கைக் கொஞ்சம் உறிஞ்சிப் பார்ப்பார். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்தால் ஜலதோஷம் மாதிரி நடிப்பார்.

போகப் போக அவளுக்குத் தெருக்கள் பழகிவிட்டன. வேறு யாருக்கும் தெரியாத விதத்தில் பழகின. ஓட்டல் தெருவின் தண்ணீரில் எண்ணெய் மிதக்கும். சலவைக்காரர்கள் தெருவில் நுரை தளும்பும். மாணவர் ஹாஸ்டல் இருந்த தெரு மட்டும் மற்றவர்கள் அலுவலகம் போய்ச் சேர்ந்த பிறகுதான் கண் விழிக்கும். அதனால் அதைச் சுற்றின் கடைசியில் வைத்துக்கொண்டாள். பழைய பள்ளி வேன் பிள்ளைகள் எங்கேயாவது பார்த்துவிட்டால் கத்துவார்கள்.

"அக்கா! என்ன பிடிக்கறீங்க, மீனா?"

"ஆமாண்டா, கண்ணுக்குத் தெரியாத மீனு."

பாட்டில் அக்கா என்று பெயர் வைத்தவர், அவள் சுற்றில் இருந்த கழிவுநீர் பம்பிங் ஸ்டேஷனின் ஆபரேட்டர். பெயர் பிடித்துக்கொண்டது. லேப் மேடம்கூட ஒரு தடவை மேலதிகாரிக்கு முன்னால் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாதக்கணக்கில் பாட்டில்களில் ஒன்றும் வரவில்லை. தினமும் ஒன்றுமில்லை என்ற பதிலைக் கேட்க யாருக்கு உற்சாகம் இருக்கும்? ஆனால் அவளுக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது. எங்கோ தூரத்து ஊர்களில் புதுக் காய்ச்சல் ஒன்று கிளம்பியிருப்பதாக டிவியில் சொல்ல ஆரம்பித்த பிறகு அந்த நிம்மதியில் கொஞ்சம் பயமும் கலந்தது.

அந்தச் சமயத்தில்தான் குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டு விழா வந்தது. தரைத்தளத்தில் இருந்த ஹாலுக்குப் புதிதாக ஏசி போட்டிருந்தார்கள். குளிர் வெளியே போகக் கூடாது என்று ஜன்னல்களையெல்லாம் ப்ளைவுட் அடித்து மூடியாகிவிட்டது. சலூன்காரர்தான் சங்கச் செயலாளர். பாட்டு, சாப்பாடு, பரிசு என்று தலைகால் புரியாமல் அலைந்துகொண்டிருந்தார். விழாவுக்குச் சில நாள் முன்பு காலையில் அவள் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தபோது மெதுவாக ஆரம்பித்தார்.

"விழா அன்னிக்கு எல்லாரும் வருவாங்க. வேலையப் பத்தி யாராவது கேட்டா லேப்ல இருக்கேன்னு சொல்லிடேன்."

"நெஜத்தச் சொன்னா என்ன?"

"ஏன் கோபப்படறே? விளக்கமா சொல்ல வேணாம்னுதானே சொன்னேன்."

"உங்க கடைத் தரையில கிடக்கற முடிய நீங்கதான் கூட்டறீங்க. அத நான் யார்கிட்டயாவது மறைச்சேனா?"

பேச்சு வளர்ந்தது. மாமனார் தன் அறையிலிருந்து, "ஓவர்லோடு, ஓவர்லோடு!" என்று குரல் கொடுத்தார். லிஃப்டில் கூட்டம் ஏறினால் சொல்லும் வார்த்தை. அன்றைக்கு அதற்குக்கூட இருவரும் சிரிக்கவில்லை. அவள் கதவை அறைந்து சாத்திவிட்டு வேனை எடுத்தாள்.

மறுநாள் மதியம் லேப் மேடத்திடமிருந்து போன் வந்தது.

"அக்கா, உங்க தெரு பாட்டில்ல புதுக் காய்ச்சல் கிருமி இருக்கு. கொஞ்சம் இல்ல, நல்லாவே இருக்கு."

"மத்த தெருவெல்லாம்?"

"எங்கயும் இல்ல. அதான் கேக்கறேன். பாட்டில் மாறியிருக்க வாய்ப்பு இருக்கா?"

இல்லை என்று சொல்ல வாய் வந்துவிட்டது. ஆனால் நேற்றுக் காலை நினைவுக்கு வந்தது. தன் தெருவில் எடுத்ததும் சீட்டை ஒட்டினாளா, ஹாஸ்டல் தெரு பாட்டிலையும் எடுத்த பிறகு சேர்த்து ஒட்டினாளா? மனதுக்குள் கணவரோடு சண்டை போட்டுக்கொண்டே செய்த வேலை. கை என்ன செய்தது என்று மனதுக்குத் தெரியவில்லை.

"அடிச்சுச் சொல்ல முடியல மேடம்," என்றாள். "நேத்து வீட்ல சண்டை. அந்த ஆத்திரத்துல ஒட்டினேன்."

வேலை போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டாள்.

"நல்லவேளை சொன்னீங்க," என்றது போன். "நீங்க மாறவே மாறாதுன்னு சொல்லியிருந்தா நான் அப்படியே மேல அனுப்பியிருப்பேன். காலையில ரெண்டு தெருவுலயும் மறுபடி எடுப்போம். நானும் வரேன்."

மறுநாள் இரண்டு பேரும் போனார்கள். லேப் மேடத்துக்கு மூடியைத் தூக்கத் தெரியவில்லை. பாட்டில் அக்காவுக்குப் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரியாது. ஒருத்தி தூக்க, ஒருத்தி சீட்டு ஒட்ட, அவளுடைய தெருவில் மேலிருந்து கீழே வரைக்கும் ஒவ்வொரு மூடியாகத் திறந்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். பால் வாங்கப் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் குடியிருப்பின் இரண்டாவது மாடி பால்கனியில் டியூஷன் டீச்சர் மூக்கில் துணியை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

லேப்பில் சோதனையை அவசரப்படுத்தி முடித்தார்கள். மாலையாகும் முன்பே பதில் வந்துவிட்டது. பாட்டில் மாறவில்லை. ஹாஸ்டல் தெருவில் ஒன்றுமில்லை. அவள் தெருவின் மேற்புறத்திலும் இல்லை. தெருக் கடைசியில் இருந்த ஒரே ஒரு குழியில்தான் கிருமி இருந்தது. அந்தக் குழியில் புதிதாக வந்து சேர்வது ஒரே ஒரு கட்டடத்தின் குழாய்.

"உங்க பில்டிங்தான் அக்கா," என்றாள் லேப் மேடம்.

அவளுக்கு முதலில் நினைவுக்கு வந்தது மாமனாரின் மூச்சு. அடுத்து அந்த ஹால், ப்ளைவுட் அடித்த ஜன்னல்கள், அங்கே வந்து உட்காரப் போகிற கூட்டம்.

"காலையில டெஸ்ட் வண்டி அனுப்பறோம். விழாவை நிறுத்தச் சொல்லி நோட்டீஸும் வரும்," என்றாள் லேப் மேடம். "ஆனா நோட்டீஸப் பாத்து கதவச் சாத்திக்கறவங்கதான் ஜாஸ்தி. நான் யாரோ எவரோ. நீங்க கொஞ்சம் பேசுங்களேன்."

அன்று மாலையே பாட்டில் அக்கா கணவரிடம் சங்கக் கூட்டத்தைக் கூட்டச் சொன்னாள். ஹாலுக்குள் வேண்டாம், கார் நிறுத்தும் இடத்திலேயே நிற்கலாம் என்றாள். எல்லாரும் தள்ளித் தள்ளி நின்றார்கள். அவள் எதையும் சுற்றி வளைக்காமல் சொல்லி முடித்தாள். அப்புறம் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள்.

"எங்க வீட்டு பாத்ரூம எட்டிப் பாக்கறதுதான் உங்க வேலையா?" என்றார் டியூஷன் டீச்சர்.

"யார் வீட்டுதுன்னு எனக்கும் தெரியாது டீச்சர். லேப்புக்கும் தெரியாது. எல்லாம் கலந்துதான் வருது. என் வீட்டுதும் அதுல இருக்கு."

சங்கத் தலைவர் முன்னால் வந்தார். வழுக்கைத் தலையும் உரத்த குரலுமாக எதற்கும் தானே தீர்ப்பு சொல்லிப் பழகியவர். "இங்க யாருக்காவது இருமல் இருக்கா? காய்ச்சல் இருக்கா? யாருக்கும் ஒண்ணுமில்லாதப்ப எதுக்குப் பீதியக் கிளப்பறீங்க? பில்டிங் பேரு கெட்டா யார் குடி வருவா?" என்றவர் திடீரென்று செயலாளர் பக்கம் திரும்பினார். "ஆமா, உங்க வீட்டம்மா தண்ணி டிபார்ட்மெண்ட்னு இல்ல சொல்லிட்டிருந்தீங்க?"

எல்லாருடைய கண்ணும் சலூன்காரர் மேல் விழுந்தது. கடையிலிருந்து நேராக வந்திருந்தார். விரல் நுனிகளில் தலைச்சாயம் கறுப்பாக ஒட்டியிருந்தது. அவள் தரையைப் பார்த்தாள். அவர் என்ன சொன்னாலும் இனி வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று அந்த நொடியில் முடிவு செய்துகொண்டாள்.

"பொய் சொன்னேன்," என்றார் அவர். "கௌரவக் குறைச்சல்னு நெனச்சேன். என் புத்தி அவ்வளவுதான்." சாயம் ஒட்டிய விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "எங்கம்மா போனது இங்க எல்லாருக்கும் தெரியும். அன்னிக்கு நமக்குத் தெரிஞ்சப்ப எல்லா மாடியிலயும் இருமல். இன்னிக்கு ஒருத்தரும் இருமல, அதுக்குள்ள என் பொண்டாட்டி வந்து சொல்றா. இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்? விழா தள்ளிப்போவுது. செயலாளரா சொல்றேன். காலையில வண்டி வந்ததும் முதல் மூக்கு என்னுது. டெஸ்ட்டுக்கு வராதவங்களுக்கு என் கடையில கத்தரி எடுக்க மாட்டேன், அம்புட்டுதான்."

யாரோ சிரித்தார்கள். சங்கத் தலைவர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு, "என்னை எதைச் சொல்லிப்பா மிரட்டுவே?" என்றார். அவ்வளவுதான், கூட்டமே சிரித்துவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்த பிறகு சண்டை போட யாருக்கும் மனசு வரவில்லை. ஏசிக்காக ப்ளைவுட் அடித்த ஆசாரியையே கூப்பிட்டுக் கழற்றச் சொல்லலாம் என்று முதலில் சொன்னதும் அந்தத் தலைவர்தான்.

காலையில் வந்த வண்டி நாலைந்து பேருக்குக் காய்ச்சல் கிருமி இருப்பதாகச் சொன்னது. மேல்மாடியில் ஒரு தம்பதி. எதிர்வீட்டு வங்கி ஊழியர். டியூஷன் டீச்சர். அவருக்குத் தலைவலிகூட இல்லை. அன்று மாலை அவர் வீட்டுக் கூடத்தில் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார வேண்டியவர்கள். டீச்சர் கதவுக்குப் பின்னால் நின்று, "வராதீங்கன்னு எல்லா வீட்டுக்கும் சொல்லிட்டேன்" என்றார். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

இன்னொருவர், மாமனார்.

சலூன்காரர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆனால் இந்தத் தடவை அன்றைக்கே மாத்திரை கையில் வந்துவிட்டது. காய்ச்சல் ஏறுவதற்கு முன்பே முதல் வேளை உள்ளே போய்விட்டது. மாமனாரின் சின்ன அறையில் ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்தார்கள். தட்டை வாசலில் வைத்துவிட்டு அவள் தள்ளி நிற்பாள். விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் கருவியை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எண்ணைப் பார்த்துவிட்டு, "தொண்ணூத்தாறாம் மாடி!" என்று உள்ளேயிருந்து அறிவிப்பார். ஒரு நாள் தொண்ணூற்றிரண்டு வரைக்கும் இறங்கினார். அன்று அவர் அறிவிக்கவில்லை. அவளே கதவிடுக்கு வழியாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. டாக்டருக்கு போன் செய்தார்கள். அவர் வந்து பார்த்து, ஆஸ்பத்திரி வேண்டாம், குப்புறப் படுக்கச் சொல்லுங்கள், பார்ப்போம் என்றார். மறுநாள் ஏறிவிட்டது.

அந்த நாட்களில் அவள் மதிய நேரங்களில் மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து அவரோடு பேசிக்கொண்டிருப்பாள்.

"அம்மாடி, உங்க அத்தை இருந்து, நீ இந்த வேலைக்குப் போறேன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பா தெரியுமா?"

"என்ன மாமா?"

"மொதல்ல மூக்கப் பொத்திக்குவா. அப்புறம் என் மருமகதான் ஊரையே காப்பாத்தறான்னு தெரு பூரா சொல்லிக்கிட்டுத் திரிவா. உன்னால நிம்மதியா ஒரு கடைக்குப் போக முடியாது."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். கதவு மூடியிருந்ததால் இரண்டும் அவருக்குத் தெரியவில்லை.

எல்லாருமே தேறினார்கள். ஊருக்குள் காய்ச்சல் வராமலே போய்விட்டது என்று சொன்னால் அது பொய். வந்தது. வேறு தெருக்களிலும் தலைகாட்டியது. ஆனால் எங்கே தலைகாட்டினாலும் அந்தத் தெருவுக்கு டெஸ்ட் வண்டியும் மாத்திரையும் முன்னாலேயே போய் நின்றன. ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரும் தரையில் படுக்க வேண்டி வரவில்லை. பள்ளிகளை மூடவில்லை. வகுப்புகளை மைதானத்துக்கும் தாழ்வாரத்துக்கும் மாற்றி நடத்தினார்கள். மஞ்சள் வேன்கள் இன்னும் சில வந்தன. பஸ் நிலையம், சந்தை, ஆஸ்பத்திரி என்று புதுப்புது மூடிகள் சுற்றில் சேர்ந்தன.

குடியிருப்பிலும் சில மாற்றங்கள் அப்படியே தங்கிவிட்டன. ஹால் ஜன்னல்களைத் திரும்ப யாரும் மூடவில்லை. ஏசி சும்மா சுவரில் தொங்குகிறது. தள்ளிப்போன விழாவை மொட்டை மாடியில் நடத்தினார்கள். டியூஷன் டீச்சர் காற்று நன்றாக வருகிறது என்று வகுப்பைக் கார் நிறுத்தும் இடத்துக்கே மாற்றிக்கொண்டார். வாய்ப்பாட்டுச் சத்தத்துக்கு நடுவே வண்டி எடுப்பது சிரமம்தான். ஆனாலும் யாரும் குறை சொல்வதில்லை. சலூன்காரருக்குத்தான் இப்போது வேறு வியாதி. உட்கார்ந்தவருக்குச் சவரம் செய்துகொண்டே கிருமி எந்த வழியாக வரும், எந்தக் குழாயில் போகும், மனைவி எப்படிக் கண்டுபிடிப்பாள் என்று கையை ஆட்டி விளக்குகிறார். ஒருவர் பொறுக்க முடியாமல், "கத்தியக் கீழ வெச்சுட்டுச் சொல்லுங்க சார், புண்ணியமாப் போவும்" என்று கேட்டுக்கொண்டார்.

லேப்பிலேயே உட்கார்ந்து மற்ற வேன்களை அனுப்பும் வேலை ஒன்று காலியாக இருக்கிறது, வருகிறீர்களா என்று பாட்டில் அக்காவைக் கேட்டார்கள். அவள் யோசித்துப் பார்த்து வேண்டாம் என்றுவிட்டாள். உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று காரணம் சொன்னாள். தெருக்களை விட்டு வர மனமில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இப்போது அவளுக்கு மதியத்துக்குள் வேலை முடிந்துவிடுகிறது. பள்ளி வேன் ஓட்டிய காலத்தில் பிள்ளைகளைத் திரும்ப அழைத்து வர வேண்டும் என்பதால் மதியத் தூக்கம் என்ற ஒன்றை அவள் அறிந்ததே இல்லை. நேற்று லேப்பில் குளித்து, வீட்டுக்கு வந்து, சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் பாயை விரித்தாள். மாமனார் டிவியில் எதற்கோ நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லலாமா என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் தூங்கிப்போனாள்.